முதியோர் நல வேலைக்கு வந்து நாலு மாதம்: படித்ததில் பாதி இங்கே செல்லவில்லை, எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

கோடநாடு_முனை

எம்எஸ்டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) முடித்த கையோடு கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன், நாலு மாதம் ஆகிறது. தனியாக இருக்கும் வயதானவர்களை வீட்டில் போய்ப் பார்ப்பதுதான் வேலை. பட்டியலில் 43 பேர். பாதிப் பேர் தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் (லைன் வீடு), மற்றவர்கள் ஹட்டிகளிலும் (படகர் ஊர்கள்) டவுனிலும். கல்லூரியில் முதுமையைப் பற்றி மொத்தமே ஒரு யூனிட்தான் இருந்தது, அதையும் பரீட்சைக்கு முந்தின வாரம் ஓட்டமாக ஓட்டி முடித்தார்கள். குழந்தைகள் நலப் பக்கம் போன தோழிகளுக்கு வழிகாட்ட ஆள் இருக்கிறார்கள். எனக்கு அப்படி யாரும் இல்லாததால் இங்கே கேட்கிறேன்.

ஒரு பாட்டியை வைத்துச் சொன்னால் புரியும். அடையாளம் தெரியக்கூடாது என்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கீழ்க்கோத்தகிரிப் பக்கம் ஒரு தனியார் எஸ்டேட் லைனில் ஒற்றை அறை வீடு. 1974 வாக்கில் சிலோனிலிருந்து வந்தவர், 2010 வரை கொழுந்து பறித்திருக்கிறார். வீட்டுக்காரர் இறந்து ஆறு வருஷம். ஒரே மகன், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. அவர் வாரம் தவறாமல் எனக்கு போன் செய்து "எங்கேயாவது நல்ல ஹோமா பாத்துச் சேர்த்து விடுங்க, மாசம் மூவாயிரம் வரைக்கும் நான் தர்றேன்" என்கிறார். பாட்டியோ "நான் எங்கியும் வரமாட்டேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பயிற்சியில் கொடுத்த ஞாபகச் சோதனைத் தாளை வைத்துக் கேட்டுப் பார்த்தேன், 30க்கு 13 வந்தது. 24க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும் என்றுதான் படித்திருக்கிறேன். அப்போது இது மறதி நோயா? மறதி நோய் என்றால் அவர் "வரமாட்டேன்" என்று சொல்வதை நான் எவ்வளவு தூரம் எடுத்துக்கொள்வது?

இன்னொரு விஷயம் அடுத்த வீட்டு அக்கா. பாட்டியின் ஏடிஎம் கார்டு அவரிடம்தான் இருக்கிறது. முதியோர் உதவித்தொகை 1200 வந்ததும் கோத்தகிரி போய் எடுத்து வந்து 700ஐ பாட்டி கையில் கொடுத்துவிட்டு 500ஐ அவர் வைத்துக்கொள்கிறார். தெரிந்ததும் எனக்குப் பகீரென்றது. பணச் சுரண்டல் என்று எழுதி மேலே அனுப்பிவிடலாமா என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் படிவத்தில் 62 கேள்விகள். ஒரு வீட்டுக்கு 40 நிமிஷம் என்று கணக்கு. பாட்டி அடுப்பு மூட்டி டீ போட்டுக் கொடுக்கவே இருபது நிமிஷம் ஆகிவிடுகிறது, வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்கிறார்.

இந்த வேலைக்கு உண்மையில் எது தெரிந்திருக்க வேண்டும்? புத்தகப் பெயர் வேண்டாம், செய்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய வார்டு

தம்பி, நான் 28 வருஷம் அரசு மருத்துவமனையில் சமூகப்பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது அரவேணுவில்தான் குடியிருக்கிறேன், வேண்டுமானால் உங்கள் பட்டியலில் 44ஆவது ஆளாக என்னையும் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 13ஐத் தூக்கி ஓரமாக வையுங்கள். நீங்கள் வைத்திருக்கும் தாள் 1975இல் அமெரிக்காவில் உருவானது. இன்று என்ன தேதி, இது எந்த மாநிலம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி, ஒரு வாக்கியம் எழுது, இந்த இரண்டு ஐங்கோணத்தையும் பார்த்து வரை என்று போகும். பென்சிலே பிடிக்காத ஒரு மனுஷியிடம் ஐங்கோணம் வரையச் சொன்னால் என்ன வரும்? அவருக்குக் குறைந்த மார்க்கில் பாதி, பள்ளிக்கூடம் போகாததால் குறைந்தது. நாளைக்கே போய் "பாட்டி, அந்தக் காலத்தில் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கொழுந்து எடுப்பீங்க, ஆறு நாளுக்கு எவ்வளவு ஆச்சு, கங்காணி (வேலை வாங்கும் மேஸ்திரி) எடையில் எத்தனை அடிப்பான்" என்று கேளுங்கள். கணக்கு மடமடவென்று வந்தால் அந்தத் தாளுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளலாம். எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்கென்றே ஹரியானாவில் பல்லப்கர் கிராமங்களில் வைத்து ஒரு அன்றாடச் செயல் அளவுகோல் உருவாக்கி 1999இல் வெளியிட்டார்கள். அதில் பெரும்பாலும் கூட இருப்பவரிடம்தான் கேட்பார்கள். சொன்ன சேதியை மறந்துவிடுகிறாரா, ஆரம்பித்த வேலையை நடுவில் விட்டுவிடுகிறாரா, வழி தவறுகிறாரா, இந்த மாதிரி. மறதி நோயில் முக்கியம் இன்றைக்கு எவ்வளவு என்பதைவிட, போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் என்ன வித்தியாசம் என்பது. அதைச் சொல்லக்கூடியவர், நீங்கள் புகார் எழுத நினைக்கிறீர்களே, அந்த அடுத்த வீட்டு அக்காதான்.

ஒன்றை மட்டும் நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் மெல்ல வரும் குழப்பம் வேறு, இரண்டு மூன்று நாளில் திடீரென்று வரும் குழப்பம் வேறு. போன வாரம் நன்றாக இருந்தவர் இன்று மகனை அடையாளம் தெரியவில்லை என்கிறார், இல்லாத ஆளோடு பேசுகிறார் என்றால் அது மூத்திரத் தொற்றாக இருக்கலாம், நெஞ்சுச் சளியாக இருக்கலாம், ரத்தத்தில் சோடியம் இறங்கியிருக்கலாம், புதிதாகக் கொடுத்த மாத்திரையாக இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரி. "வயசாச்சு, அப்படித்தான்" என்று வீட்டில் வைத்து இழந்த பல பேரை வார்டில் பார்த்திருக்கிறேன். மெல்ல வரும் மறதியிலும் தைராய்டு, பி12 இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், சரி செய்யக்கூடிய மறதியும் உண்டு. மனச்சோர்வும் மறதி வேஷத்தில் வரும். நம் பாட்டிமார்கள் மனசு சரியில்லை என்று சொல்லவே மாட்டார்கள், உடம்பெல்லாம் அசதி, நெஞ்சை அடைக்குது, சோறு இறங்கலை என்பார்கள். அதற்கு ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும் 15 கேள்விப் படிவம் ஒன்று இருக்கிறது, தமிழிலும் உண்டு. வாசித்துக் காட்டிக் கேட்டால் போதும்.

அப்புறம், "வரமாட்டேன்" என்பதன் எடை. தேதி தெரியாத ஒருவருக்குத் தான் எங்கே இருக்க வேண்டும் என்று தெரியாது என்று அர்த்தமில்லை. இங்கேயே இருந்தால் என்ன ஆகும், போனால் என்ன ஆகும், ராத்திரி விழுந்தால் யாரைக் கூப்பிடுவீங்க என்று அவர் மொழியில் கேளுங்கள். இரண்டு வேறு நாளில், காலை வேளையில் கேளுங்கள். இரண்டு முறையும் ஒரே பதிலும் அதற்கு ஒரு காரணமும் வந்தால் அது முடிவு. நமக்குப் பிடிக்காத முடிவாக இருக்கலாம், அது வேறு விஷயம்.

வயது என்ன போட்டிருக்கிறீர்கள்? சிலோனிலிருந்து வந்தவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, பிஎஃப் பதிவில் ஒன்று என்று இருக்கும். 70 வயது தாண்டியவர்களுக்கு ரேஷனை வீட்டுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியபோது இப்படிக் கார்டில் வயது குறைந்து நின்றவர்கள்தான் முழித்தார்கள். உண்மையான வயதைப் பிடிக்க ஒரே வழி சம்பவங்களை வைத்துக் கேட்பது. நேரு இறந்தபோது (1964) உங்களுக்கு எத்தனை வயசிருக்கும், தனுஷ்கோடி புயல் அடித்தது (அதே வருஷம் டிசம்பர்) ஞாபகம் இருக்கா, 78இல் இங்கே மலை சரிந்தபோது கையில் பிள்ளை இருந்ததா, 93இல் மரப்பாலத்தில் மண் சரிந்தபோது பையன் எந்த வகுப்பு, எம்ஜிஆர் இறந்தபோது எங்கே இருந்தீங்க. பத்து நிமிஷத்தில் இரண்டு வருஷ வித்தியாசத்துக்குள் வந்துவிடும். இதைச் செய்யும்போதே பாதி வாழ்க்கைக் கதையும் கிடைத்துவிடும், தனியாக ஒரு படிவம் தேவையில்லை. ஆதாரில் பிறந்த தேதியைத் திருத்த ஒரே வாய்ப்புதான், அவசரப்பட்டுத் தப்பான தேதியைப் போட்டு அந்த வாய்ப்பைக் கெடுத்துவிடாதீர்கள்.

எழுத உட்கார்ந்தால் நீண்டுகொண்டே போகிறது. பேத்தி போனைக் கேட்கிறாள், மிச்சம் அப்புறம்.


பந்தலூர் சிஸ்டர்

பழைய வார்டு சார் மூளையிலிருந்து ஆரம்பித்திருக்கிறார், நான் காதிலிருந்து ஆரம்பிக்கிறேன். நான் நர்ஸ், பந்தலூர், சேரம்பாடிப் பக்கம் பதினொரு வருஷமாக வீடு வீடாகப் போகிறேன். "பாட்டி பதிலே சொல்லமாட்டேங்கிறாங்க" என்று யார் சொன்னாலும் முதலில் டார்ச் அடித்துக் காதைத்தான் பார்ப்பேன். பாதிப் பேருக்கு அழுக்கு அடைத்துக் கல்லாகிக் கிடக்கும். எண்ணெய் ஊற வைத்து, ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டால் மறுநாள் நம்மைத் திட்டுகிற அளவுக்குக் காது கேட்கும். அதற்கும் மேலே என்றால் காதொலிக் கருவிக்கு எழுதுங்கள், மாவட்ட மாற்றுத் திறனாளிகள் அலுவலகத்தில் கேட்கலாம். அடுத்து கண், புரை. அடுத்து வாய், பல் இல்லாமல் வெறும் டீயும் வர்க்கியுமாக வாழ்கிறவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தால் மயக்கம் வரும். அடுத்து கால், நகம் வெட்டக் குனிய முடியாமல் சதைக்குள் போயிருக்கும், அதனால்தான் நடக்கமாட்டார்கள், அதை நாம் "விருப்பமின்மை" என்று படிவத்தில் எழுதி வைப்போம்.

மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள். 2021இலிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர், பிபி மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், நல்ல விஷயம்தான், ஆனால் அதே மாத்திரையை டவுன் டாக்டர் வேறு பெயரில் எழுதியிருப்பார், பாட்டி இரண்டையும் போட்டுக்கொண்டு தலை சுற்றி விழுவார். அந்தத் திட்டத்தில் வரும் மகளிர் தன்னார்வலர் யார் என்று கண்டுபிடித்து அவரோடு சேர்ந்து போங்கள். அவர் அதே ஊர்க்காரர், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவருக்குத் தெரியும்.

குளிர் வருகிறது, இதைச் சொல்லியே ஆகவேண்டும். ராத்திரி கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவு ஜன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு படுப்பார்கள். அந்தப் புகையில் வாசனையே இல்லாத விஷவாயு இருக்கிறது, தூக்கத்திலேயே முடிந்துவிடும். மார்கழி பிறப்பதற்குள் உங்கள் 43 வீட்டிலும் ராத்திரி எதை வைத்துக் குளிர் காய்கிறீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். உங்கள் 62 கேள்வியில் அது இருக்காது, பந்தயம் வேண்டுமானாலும் கட்டுகிறேன்.

அந்த 500 ரூபாய். தயவுசெய்து எதையும் எழுதிவிடாதீர்கள், முதலில் எண்ணுங்கள். கோத்தகிரி போய்வர அந்த அக்காவுக்கு ஒரு நாள் கூலி போகிறது, பஸ் காசு போகிறது. மதியம் சோறு யார் கொடுக்கிறார்கள்? தண்ணீர் யார் பிடிக்கிறார்கள்? போன மழையில் பாட்டிக்குக் காய்ச்சல் வந்தபோது யார் பக்கத்தில் படுத்தார்கள்? இதற்கெல்லாம் பதில் அந்த அக்கா என்றால் 500 ரூபாய்க்கு உங்கள் நிறுவனம் ஒரு ஆளை வைத்துவிடுமா, சொல்லுங்கள். சுரண்டலே கிடையாது என்று நான் சொல்லவில்லை. பாஸ்புக்கைப் பிடுங்கி வைத்துக்கொண்டு கஞ்சி கூட ஊற்றாத சொந்தப் பேரனையும் பார்த்திருக்கிறேன். அதைப் பிரித்தறிய நான் மூன்றைப் பார்ப்பேன். எவ்வளவு எடுக்கிறார்கள் என்று பாட்டிக்குத் தெரியுமா, கேட்டால் கார்டைத் திருப்பித் தருவார்களா, அந்த ஆள் உள்ளே வரும்போது பாட்டியின் முகம் எப்படி மாறுகிறது. மூன்றாவதுதான் எனக்குப் பெரும்பாலும் பதில் சொல்லியிருக்கிறது.

எங்கள் பக்கம் பணியர், காட்டுநாயக்கர் ஊர்களில் வெளியாள் ஒருவர் நோட்டோடு போனால் பெரியவர்கள் எழுந்து காட்டுப் பக்கம் போய்விடுவார்கள். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை 1990இல் தொடங்கியது, அதற்கும் முன்பிருந்தே அவர்கள் ஆதிவாசிப் பிள்ளைகளையே சுகாதாரப் பணியாளராகப் பழக்கினார்கள். அது ஏன் என்று இங்கே வந்த முதல் வருஷம் எனக்குப் புரியவில்லை, மூன்றாவது வருஷம் புரிந்தது. ஆளை மாற்றாமல் அதே ஆள் போக வேண்டும். நீங்கள் ஒரு வருஷத்தில் வேலையை விட்டுப் போவதாக இருந்தால் அதைப் பாட்டியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.


ஹட்டிக்காரன்

நான் சமூகப்பணி படித்தவன் அல்ல, கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் ஒரு படகர் வீட்டு மகன். இந்த மாதிரி இழைகளில் எப்போதும் மகன்தான் வில்லன், அதனால் எழுதுகிறேன்.

2001 கணக்கெடுப்பில் நீலகிரி மக்கள்தொகை 7,62,141, 2011இல் 7,35,394. பத்து வருஷத்தில் ஒரு மாவட்டமே இளைத்துப் போயிருக்கிறது. ஏன்? பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை, கம்பெனி இல்லை, நாங்கள் எல்லாம் கீழே இறங்கிவிட்டோம். எங்கள் ஹட்டியில் ஹெத்தை ஹப்பாவுக்கு (எங்கள் ஹெத்தை அம்மன் திருவிழா) மட்டும் வீடுகள் நிறையும், மறு வாரம் பார்த்தால் வாசலில் வயதானவர்கள் மட்டும் வெயிலுக்கு உட்கார்ந்திருப்பார்கள். அந்தத் திருப்பூர் அண்ணன் ஒற்றை அறையில் மனைவி, பிள்ளைகளோடு இருப்பார், மூவாயிரம் தருகிறேன் என்பது அவருக்குச் சின்னக் காசு அல்ல. வாரம் தவறாமல் போன் செய்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் "உங்களுக்கு என்ன பயம்" என்று ஒரு முறையாவது கேட்டீர்களா? எனக்கு இருந்த பயத்தைச் சொல்கிறேன், அம்மா ராத்திரி விழுந்து கிடந்து காலையில் பால்காரன் பார்த்து எனக்கு போன் வருவது. அந்த ஒரு பயத்துக்காகத்தான் நானும் ஹோம் தேடினேன்.

கடைசியில் நாங்கள் கண்டுபிடித்த வழி: டிசம்பர் பாதியில் உறைபனி ஆரம்பித்ததும் அம்மா கீழே எங்கள் வீட்டுக்கு வருவார், பிப்ரவரி கடைசியில் திரும்ப ஹட்டிக்குப் போய்விடுவார். ஹப்பாவுக்கு மட்டும் நடுவில் மேலே கூட்டிப் போய்வருவோம். ஹோமா, வீடா என்று இரண்டே வழி இருப்பதாக நினைத்துக்கொண்டு இரண்டு வருஷம் சண்டை போட்டோம், வீணாக.

சட்டம் பற்றி யாரும் எழுதவில்லை, பழைய வார்டு சார் எழுதினால் நல்லது. அப்பா இடத்தை என் பெயருக்கு தான செட்டில்மெண்ட் எழுதியபோது, பெற்றோரைக் கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னது நான்தான். பத்திரம் எழுதுபவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.


பழைய வார்டு

ஹட்டிக்காரன் தம்பி செய்தது மிகச் சரி. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23ஆம் பிரிவு அதுதான், பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிவிட்டுப் பார்க்கவில்லை என்றால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் அப்படி ஒரு நிபந்தனை இருந்தது என்று காட்ட வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில் முதியவர் பக்கம் சாய்ந்து தாராளமாகப் பார்த்தது. எதற்கு வம்பு, பத்திரத்திலேயே அந்த ஒரு வரி இருந்துவிட்டால் பிறகு வாதமே இல்லை.

ஜீவனாம்சம் கேட்பதென்றால் ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமையில் தீர்ப்பாயம், கோத்தகிரிக்குக் குன்னூர் ஆர்டிஓ. மாதம் 10,000 வரை உத்தரவு போடலாம். வக்கீல் வேண்டியதில்லை. பாட்டியால் வர முடியாவிட்டால் அவர் சொல்லும் ஆளோ பதிவு பெற்ற அமைப்போ மனு கொடுக்கலாம், உங்கள் நிறுவனத்துக்கும் அது பொருந்தும். அவசரத்துக்கு 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. இதெல்லாம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும், ஆனால் எடுத்தவுடன் நீட்டக்கூடாது. மனு போட்ட அன்றோடு பேச்சு நின்றுபோன குடும்பங்களை எனக்குத் தெரியும். மாதம் நாலாயிரம் வங்கிக்கு வந்துவிடும், மகன் வரமாட்டான். மூவாயிரம் நானே தருகிறேன் என்கிற மகன் மீது சட்டம் எதற்கு?


கூடலூர்_சிலோன்

சகோ, எல்லோரும் நல்லாத்தான் எழுதியிருக்கீங்க, ஆனா பாட்டி ஏன் வரமாட்டேங்கிறாங்கன்னு யாரும் கேட்கலையே. எங்க அப்பாவும் மண்டபம் கேம்ப் (சிலோனிலிருந்து வந்தவர்களை முதலில் தங்க வைத்த முகாம்) வழியாக வந்தவர்தான். சிலோன் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப சாஸ்திரி, சிறிமாவோ ஒப்பந்தம் 1964இல் போட்டார்கள், எங்க அப்பாவிடம் யாரும் கேட்கவில்லை, பெட்டியைக் கட்டு என்றார்கள், கப்பலில் ஏற்றினார்கள். ஒரு தடவை அப்படி வேரோடு பிடுங்கப்பட்ட ஆளிடம் போய் "நல்ல இடமா பாத்திருக்கோம், வாங்க" என்று சொன்னால் அவர் காதில் என்ன விழும் என்று யோசியுங்கள். அந்தக் காலத்தில் ஆபீசர்களும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்களாம்.

இரண்டாவது, லைன் வீடு. அது வேலையோடு ஒட்டிய வீடு. வேலை முடிந்தால் காலி செய்யணும், காலி செய்தால்தான் கிராஜுவிட்டி (பணிக்கொடை) பாக்கி என்று பல இடத்தில் இரண்டையும் முடிச்சுப் போட்டு வைத்திருப்பார்கள். அப்போது இருந்த 1972 சட்டப்படி வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், வேலை முடிந்து 30 நாளில் கொடுத்திருக்கணும். பெயர் வேண்டாம், எங்க அப்பாவுக்கு ஒன்பது வருஷம் கழித்து வந்தது. அதுவரை அவர் ஒரு கல்யாணத்துக்குக்கூட ராத்திரி தங்க மாட்டார். ஏன் தெரியுமா? போய்விட்டு வந்தால் கதவில் வேறு பூட்டுத் தொங்கும் என்கிற பயம். நாங்கள் அதை ரொம்ப நாள் "கிழவனுக்குப் பிடிவாதம்" என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

பாட்டியிடம் கிராஜுவிட்டி வாங்கியாச்சா என்று கேளுங்க. கேட்டுவிட்டு யூனியன்காரர் யாரையாவது பிடியுங்க, தொழிலாளர் துறை அலுவலகம் குன்னூரில் இருக்கிறது.


கோடநாடு_முனை

எல்லோருக்கும் நன்றி. முதலில், பழைய வார்டு சார், தம்பி இல்லை, தங்கச்சி. 

வியாழக்கிழமை நோட்டு இல்லாமல் போனேன். மேலதிகாரியிடம் சொல்லவில்லை, அதற்கு வேறு திட்டு வாங்க வேண்டியிருக்கும். காதைப் பார்த்தேன் சிஸ்டர், வலது காது முழுக்க அடைப்பு. நான் நாலு மாதமாக வலது பக்கம் உட்கார்ந்துதான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். இடது பக்கம் மாறி உட்கார்ந்ததும் "இன்னிக்குத்தான் நீ சத்தமா பேசுற" என்றார்.

கொழுந்துக் கணக்குக் கேட்டேன். 24 கிலோ, ஆறு நாளைக்கு 144, அதில் கங்காணி ஈரத்துக்கென்று கழித்தது போக 132 என்று நான் போனை எடுப்பதற்குள் சொல்லிவிட்டார். நேரு செத்த வருஷம்தான் பெரிய மனுஷி ஆனாராம், அப்படியானால் 75ஐ ஒட்டி வருகிறது. ரேஷன் கார்டில் 66.

அப்புறம் கூடலூர் அண்ணா சொன்ன கேள்வியைக் கேட்டேன். கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்தார். மேலே ஒரு புதுச் சேலை, அவருடைய கடைசி நாளுக்கென்று எடுத்து வைத்தது. அதற்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கவரில் சிலோன் பாஸ்போர்ட், பிஎஃப் சீட்டு, 2010 தேதி போட்ட எஸ்டேட் கடிதம். பாதிப் பணம் கொடுத்திருக்கிறார்கள், மீதி வீட்டைக் காலி செய்யும்போது என்று எழுதியிருக்கிறது. "இந்த வீட்டை விட்டா அந்தக் காசை எவன் கையில கேப்பேன், நான் செத்தா எடுத்துப் போடவும் அதுதானே" என்றார். நான் படிவத்தில் இந்தப் பாட்டிக்கு "இடமாற்றத்துக்கு எதிர்ப்பு, காரணம் தெரியவில்லை" என்று ஆகஸ்டில் எழுதியிருந்தேன்.

அடுத்த வீட்டு அக்கா மத்தியானம் ரசம் சோறு கொண்டுவந்தார். பாட்டி அவரைப் பார்த்ததும் "இவ எனக்கு வட்டி கட்டுறா" என்று சிரித்தார். எனக்குப் புரியவில்லை. 500இல் 200ஐ அக்கா சீட்டுக்குக் கட்டுகிறாராம், பாட்டி பேரில்! மீதி 300 சோற்றுக்கு. சீட்டு நோட்டையும் காட்டினார். நான் எழுதி வைத்திருந்த புகார் வரைவை பஸ்ஸில் உட்கார்ந்து அழித்துவிட்டேன்.

மகனிடம் கேட்டேன், ஹட்டிக்காரன் அண்ணா. உங்களைப் போலவேதான், போன வருஷம் பக்கத்து லைனில் ஒரு தாத்தா குளிரில் இறந்து இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்ததாம், அதிலிருந்து தூக்கம் இல்லை என்றார். மார்கழி, தை இரண்டு மாதம் மட்டும் கூட்டிப் போகிறீர்களா என்றதும் "ரெண்டு மாசம்னா சமாளிச்சிக்கலாம் மேடம், எப்பவும்னாத்தான் என் பொண்டாட்டியும் பயப்படுறா, நானும் பயப்படுறேன்" என்றார். பாட்டி இன்னும் சரி என்று சொல்லவில்லை. நிபந்தனை மட்டும் சொல்லியிருக்கிறார்: சாவி அடுத்த வீட்டு அக்காவிடம் இருக்கணும், தினம் விளக்கு எரியணும், மாசி பிறந்ததும் கொண்டுவந்து விடணும். வீடு காலியில்லை, திரும்பி வருவார் என்று எஸ்டேட் ஆபீசில் எழுத்தில் கொடுத்து நகல் வாங்கலாமா என்று யூனியன் அண்ணன் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். திங்கள் குன்னூர் போகிறோம்.

இன்னொரு சிக்கல். பாட்டியிடம் ஒரு கோழி இருக்கிறது. அதை விட்டுவிட்டு வரமாட்டாராம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் பஸ்ஸில் கோழியை ஏற்றுவார்களா?


கூடலூர்_சிலோன்

கூடையில் போட்டுத் துணியால் மூடிக் காலடியில் வைத்துக்கோங்க. கண்டக்டர் கேட்டால் பாட்டியைப் பேச விடுங்க, நீங்க பேசாதீங்க.


பந்தலூர் சிஸ்டர்

போவதற்கு முன்னால் அந்தக் காது அடைப்பை எடுத்துவிடுங்கள். திருப்பூரில் மருமகள் பேசுவது காதில் விழவில்லை என்றால் இரண்டாவது நாளே "என்னைத் திட்டுறா" என்று திரும்பிவிடுவார். மாத்திரைச் சீட்டை ஒரு போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்புங்கள். கோழி முட்டை போடுகிற கோழியா?


கோடநாடு_முனை

போடுகிறதாம். நாளைக்கு நாலு முட்டை எனக்கு என்று சொல்லிவிட்டார், வாங்கலாமா கூடாதா என்று எங்கள் நடத்தை விதியில் தேடிக்கொண்டிருக்கிறேன்.